கெட்டிலை விடக் கனமானவை

ஜூன் 4

காலையில் கெட்டிலில் தண்ணீர் பிடித்து நானே அடுப்பில் வைத்தேன். அதுதான் எனக்கு இப்போது எல்லை. டனீடன் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து, இதயத்துக்கு மாற்று வழி போட்டு, எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பிய டாக்டர் சொன்னது இது: தண்ணீர் நிரம்பிய கெட்டிலை விடக் கனமான எதையும் ஜூலை முடியும் வரை தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. நடக்கலாம். இருமல் வந்தால் சுருட்டிய துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமலாம். ஒரு ஆயுசு முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டி, பின் சீட்டுப் பயல்களை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள் நான். எனக்கு இருமக்கூட விதிமுறை.

ஷோனா கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரே மகள். வந்த கையோடு என் மண்வெட்டியைத் தூக்கித் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாயங்காலம் இணையத்திலிருந்து எடுத்த ஒரு தாளை என் மடியில் வைத்தாள். 'நடுக்குளிரில் செய்யத்தக்க மென்மையான தோட்ட வேலைகள்.' உலகத்தின் இந்தத் தென்கோடியில் ஜூன் என்றால் நடுக்குளிர். தொட்டி கழுவுதல், கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடுதல், ஜன்னலோரம் அமர்ந்து வசந்தத்தைக் கற்பனை செய்தல். கற்பனை செய்வதாம்! நான் என்ன, சவப்பெட்டியிலா படுத்திருக்கிறேன்?

"இங்க பாரும்மா. ஜூலை கடைசில நான் வேலைக்குத் திரும்பணும். அதுவரைக்கும் டாக்டர் சொன்னபடி இருந்தீன்னா நான் மட்டும் போறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கனமா எதையாவது நீ தூக்குறதைப் பார்த்தேன்னு வையி, ரெண்டு பேருமா கார்ல ஏறிடலாம். என் வீட்ல மேல் ரூம் சும்மாதான் கிடக்கு."

அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மண் என்றால் பூந்தொட்டியில் இருக்கிற மண்.

"சரி" என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஜூன் 6

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான், இதயத்தால் அல்ல.

இன்று துணி துவைக்கிற கொட்டகை வரை நடந்தேன். பூண்டுச் சரம் தொங்குகிற ஆணியைப் பார்த்தால் வெறும் ஆணி. சின்னச் சரம் இருக்கிறது, பெரிய சரத்தைக் காணோம். டிசம்பரில் பிடுங்கியதிலேயே மிகப் பெரியவை, முஷ்டி முஷ்டியாக, பொறுக்கிப் பின்னி வைத்தவை. விதைக்கு.

"ஷோனா! இங்கே தொங்குன பூண்டு எங்கே?"

"சமையலுக்கு எடுத்தேன்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு. பெருசு பெருசா, உரிக்கவும் சுளுவா."

பெரிய பூண்டு விதைக்கு, சின்னதுதான் வாய்க்கு. எங்கள் ஊர் ரிவர்ட்டனில் இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற விஷயமில்லை. வருஷத்தின் மிகக் குறுகிய பகலில் நட வேண்டும், மிக நீண்ட பகலில் பிடுங்க வேண்டும், பிடுங்கியதில் பெரியதைத் தொடக் கூடாது. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், பதினேழு வயதில் ஊரை விட்டுப் போனவள், ஆட்டுத் தொடைக்குள் என் விதையைச் செருகி வேக வைத்திருக்கிறாள்.

இதை விடக் கேவலம், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த வீட்டில் தங்கி, இதே பூண்டைப் போட்டு வைத்து, டனீடனுக்கு அவள் பிளாஸ்கில் கொண்டுவந்த சூப். நர்ஸிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன், என் மகள் வைத்த சூப் என்று. இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேனே, பாவி!

ஜூன் 7

பேசவில்லை. அவளும்.

ஜூன் 10

மென்மையான வேலை நம்பர் ஒன்று: தொட்டி கழுவுதல். சமையலறை மேசையில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, பழைய பிரஷ்ஷால் களிமண் தொட்டிகளைத் தேய்த்தேன். ஒவ்வொன்றாக ஷோனா எடுத்துக் கொடுத்தாள், ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். காயலான் கடைக்கார அம்மாவும் வேலைக்காரியும் மாதிரி. பாசி போன பிறகு தொட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன்.

இன்வர்கார்கில் டவுன் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு வலை நிறையப் பூண்டு வாங்கி வந்திருக்கிறாள், சமாதானத்துக்கு. வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே அளவில். கப்பலில் வந்த பூண்டு. முளைக்காதபடி மருந்தடித்துத்தான் அனுப்புவார்கள். முளைத்தாலும் எங்கள் தெற்குக் காற்றில் ஒரு மாதம் தாங்காது.

"அம்மா, ஒரு வருஷம் பூண்டு போடலேன்னா யாரு செத்துடப் போறா?"

"பூண்டு சாகும். போன வருஷத்துப் பல்லை இந்த வருஷம் நடலேன்னா காஞ்சு உமியாப் போகும். அப்புறம் அந்தப் பூண்டு உலகத்துலயே இல்ல."

சின்னச் சரத்தில் மிச்சம் இருப்பதைப் பிரித்துப் பார்த்தேன். பல்லெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு. அதை நட்டால் அதை விடச் சின்னது வரும்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஆறுதல் சொல்லவில்லை.

ஜூன் 13

என் பூண்டு இன்னொரு இடத்தில் இருக்கிறது. நான்கு நாளாக அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறேன்.

எதிர்வீட்டு மர்டோ. என்னோடு பள்ளியில் படித்தவன். நண்டுப் படகு ஓட்டி, இரண்டு இடுப்பும் தேய்ந்து, இரண்டையும் மாற்றிக்கொண்டு கைத்தடியோடு திரிகிறவன். அவன் பெண்டாட்டி தவறிப்போனபோது, பல வருஷத்துக்கு முன்னால், பாவம் பார்த்து ஒரு கை விதைப் பூண்டு கொடுத்தேன். அதை நட்டுப் பெருக்கி, நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர்க் கண்காட்சியில் வைத்து, என் பூண்டைத் தோற்கடித்து, முதல் பரிசு வாங்கினான். என் பூண்டை வைத்தே என்னை! பரிசு அட்டையை வெளியில் இருந்து தெரிகிற மாதிரி ஜன்னலில் வேறு ஒட்டி வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது.

அவனிடமா போய்க் கேட்பது? முடியவே முடியாது.

ஜூன் 14

முடியாது.

ஜூன் 16

போனேன்.

நடக்கச் சொல்லித்தானே இருக்கிறார் டாக்டர். நடந்தேன், ரோட்டைத் தாண்டி. மர்டோ வாசலில் நின்று நண்டுக்கூடைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே போட்டான்.

"நாலு வருஷமா இந்தப் பக்கம் திரும்பாத கழுத்து. இன்னைக்கு எப்படித் திரும்புச்சு?"

"ஆபரேஷன்ல திருப்பி வச்சுட்டாங்க."

"வாயில ஒண்ணும் கை வைக்கல போல."

விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் தாடை ஆட ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். "உன் விதைய உனக்கே சூப்பா வச்சுக் குடுத்தாளா! அடக் கடவுளே!"

திரும்பி நடந்தேன்.

"ஏ இஷ்பெல், நில்லு. கோவிச்சுக்காதே. பூண்டு தர்றேன். ஆனா ஒண்ணு. அன்னைக்குக் கண்காட்சில நான் வச்சது நல்ல பூண்டுன்னு உன் வாயால சொல்லணும்."

காற்று ஊசியாகக் குத்தியது. நெஞ்செலும்பு வலித்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நாலு வருஷமாகக் காத்திருந்து கேட்கிறான்.

"நல்ல பூண்டுதான்" என்றேன். "என்னோடது ஆச்சே."

ஒரு சரம் கொடுத்தான். முஷ்டி முஷ்டியாக. கெட்டிலை விட லேசு, கையில் தூக்கிப் பார்த்தே வாங்கினேன்.

ஜூன் 19

பிளாக்கரண்ட் பழச்செடிகளை இன்று கவாத்து செய்தேன். பால் டப்பாக்கள் வருகிற பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, எட்டிய கிளையை மட்டும். பழைய கறுத்த தண்டு போக வேண்டும், இளசு நிற்க வேண்டும். இப்படித்தான் என்னையும் யாராவது பார்க்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே பழைய தண்டு ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். இருக்கட்டும்.

ரூபார்ப் செடியின் தண்டு இருட்டில் இளசாக நீள்வதற்கு அதன் மேல் ஓட்டை வாளியைக் கவிழ்க்க வேண்டும். வெறும் வாளி, கனமே இல்லை. ஷோனா ஓடி வந்து பிடுங்கிக் கவிழ்த்தாள். "காலி வாளிடி!" என்றேன். "வாளி வாளிதான்" என்றாள். இவளுக்கு யார் புத்தி? எனக்குத் தெரியும் யார் புத்தியென்று.

ஜூன் 21

மிகக் குறுகிய பகல். எட்டரைக்கு விடிந்தது, அதுவும் அரைகுறையாக.

பாத்தி தயாராகத்தான் இருக்கிறது. ஏப்ரலிலேயே கொத்தி, கடற்பாசி போட்டு, சாக்கு மூடி வைத்திருந்தேன், நெஞ்சில் வலி வருவதற்கு முந்தின வாரம். குழி போடுவதுதான் பிரச்சினை. குழி போட்டால் தள்ளுவது. தள்ளினால் கிறைஸ்ட்சர்ச்.

பத்து மணிக்கு மர்டோ வந்தான். அவனால் குனிய முடியாது, என்னால் அழுத்த முடியாது. அவன் நின்றபடியே கைத்தடியை மண்ணில் குத்திக் குழி போட்டான். நான் கூடைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகக் கூர் மேலே பார்க்கும்படி வைத்து, விரலால் மண்ணை மூடினேன். அடுத்த வரிசைக்குக் கூடையைக் காலால் நகர்த்திக் கொடுத்தான். இரண்டு ஓட்டை வண்டிகளைச் சேர்த்து ஒரு வண்டி. ஒரு பிளாஸ்டிக் குழாய் வேறு கொண்டுவந்திருந்தான், அதன் வழியாகப் பல்லைப் போட்டால் நானும் குனிய வேண்டாமாம்.

"தலைகீழா விழுமே!"

"விழுந்தா என்ன? அதுவாத் திரும்பிக்கும்."

"உன் இடுப்பு அதுவாத் திரும்பிச்சா?"

குழாயை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினான்.

ஷோனா சமையலறை ஜன்னலில். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வெளியே வந்தாள். நான் கையை உயர்த்திக் காட்டினேன், மண் மட்டும்தான் இருக்கிறது பார் என்று.

"தள்ளக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"தள்ளுறது அவன்."

"குனியவும் கூடாது."

"உட்கார்ந்திருக்கேன். உன் தாள்லயே இருக்கு, உட்கார்ந்து செய்யும் வேலைகள். படிச்சுப் பாரு."

உள்ளே போனாள். முடிந்தது கதை, பெட்டியைக் கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கால் மணியில் சீஸ் ரோல் சுட்டு, தேநீரோடு தட்டில் கொண்டுவந்து வேலித் தூண்மேல் வைத்தாள். மர்டோ நாலு தின்றான்.

குளிர் தாக்காமல் இருக்க, மேலே காய்ந்த பட்டாணிக்கொடி வைக்கோல் பரப்பினோம். நான் பிடிப்பிடியாக. ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது. நெஞ்சில் கம்பி போட்ட இடத்திலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 22

இன்றிலிருந்து பகல் நீள்கிறது. ஒரு நிமிஷமோ என்னமோ. நீள்கிறது.

ஜூலை 3

உறைபனி. புல் கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. விதை உருளைக்கிழங்கு வந்தது. முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, கண் மேலே பார்க்க, ஜன்னல் திட்டில் அடுக்கினேன். கிறிஸ்துமஸ் மேசையில் புது உருளைக்கிழங்கு இல்லையென்றால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. ஷோனா கேட்டாள், கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே இருப்பாய் என்று யார் சொன்னது என்று.

"உருளைக்கிழங்கு சொல்லுச்சு."

சிரித்துவிட்டாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

மர்டோ தினமும் காலையில் வருகிறான், 'என் பூண்டு' எப்படி இருக்கிறது என்று பார்க்க. அவன் பூண்டாம்.

ஜூலை 12

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஷோனா என் மாத்திரைக்காக இன்வர்கார்கிலுக்குப் போயிருந்தாள். ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து அடித்தது. பாத்தி வைக்கோல் பறக்கிறதா என்று ஜன்னலில் பார்த்தேன். மர்டோ கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். கைத்தடி முதலில் வழுக்கியது, பிறகு அவன். ரூபார்ப் வாளிக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்தான்.

ஓடினேன். ஓடக் கூடாது, ஓடினேன்.

"ஒண்ணுமில்ல. கையைக் குடு, எழுந்துக்கறேன்."

என் கை முன்னால் போய்விட்டது. போன கையை நான் பின்னால் இழுத்துக்கட்டிக்கொண்டேன்.

"முடியாது. கெட்டிலை விட நீ கனம்."

"ஏய், குளிருதுடி!"

"தெரியுது. படு."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பாத்தி வைக்கோலைப் பிடிப்பிடியாக அள்ளி அவன் மேல் போட்டேன். என் படுக்கைக் கம்பளி, ஷோனாவின் கோட், துணி துவைக்கிற கொட்டகைச் சாக்கு, எல்லாம். ஒவ்வொன்றாக. ஒரு தடவைக்கு ஒன்று. கூடையைக் காலால் தள்ளிக் கொண்டுவந்து அவன் தலைமாட்டில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் கண்ணை மூடும்போதெல்லாம் அதட்டினேன், பஸ்ஸில் அதட்டுகிற அதட்டல். "மர்டோ! தூங்காதே! பின் சீட்டுல என்ன தூக்கம்?" உதடு நீலமாக இருந்தது. பயந்துவிட்டேன். அப்படியே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வீட்டுக்குள் இழுத்துப் போய்விடலாம் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. தூக்கியிருந்தால் இரண்டு பேரும் அங்கேயே கிடந்திருப்போம். சும்மா உட்கார்ந்திருப்பதை விடக் கனமான வேலை நான் செய்ததே இல்லை.

"பூண்டு மேல இருந்த வைக்கோலையா எடுத்தே?" என்று முனகினான்.

"ஆமா."

"அதுக்குக் குளிருமே."

"அது உன்னை மாதிரி இல்ல. தாங்கும்."

ஆம்புலன்ஸும் ஷோனாவும் ஒரே நேரத்தில் வந்தார்கள்.

ஜூலை 13

இடுப்பு தப்பியது. மணிக்கட்டில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்களாம்.

ஷோனா காலைச் சாப்பாட்டோடு ஆரம்பித்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை போல, கண் சிவந்திருந்தது.

"பார்த்தியாம்மா? அது நீயா இருந்திருந்தா? நான் கிறைஸ்ட்சர்ச்ல உட்கார்ந்திருப்பேன். யாரு பார்த்திருப்பா? சொல்லு!"

"அவன் பார்த்திருப்பான்."

"அந்தக் கிழவரா? அவரால குனியவே முடியாது!"

"என்னாலயும் தூக்க முடியல. அவன் பிழைச்சானா இல்லயா? தூக்குறதுக்கு ஆம்புலன்ஸ்ல ஆள் இருக்கு. பக்கத்துல உட்கார ஆள் வேணும். அது இங்க இருக்கு. உன் மாடில நான் விழுந்தா நீ ஆபீஸ் முடிஞ்சு வர்ற வரைக்கும் யார்டி குடை பிடிப்பா?"

கத்திவிட்டேன். இருமல் வந்தது. துண்டைத் தேடினேன். அவள்தான் எடுத்து என் நெஞ்சில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். இருமி முடிகிறவரை எடுக்கவில்லை.

"நீ அவரைத் தூக்கலே" என்றாள், துண்டைத் திரும்பச் சுருட்டிக்கொண்டே.

"தூக்கல."

"நான் வரும்போது நீ தூக்கியிருப்பேன்னுதான் நினைச்சேன்."

ஜூலை 16

மர்டோ வந்துவிட்டான். கட்டுப் போட்ட கையை ஆட்டிக் காட்டினான். கைத்தடிக்கு அடியில் இரும்பு முள் வைத்து ஷோனா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. வைக்கோலை அவளே பாத்தியில் திரும்பப் பரப்பியிருக்கிறாள், திட்டுத்திட்டாக, சகிக்கவில்லை.

ஜூலை 24

முளை! வைக்கோலை விலக்கினால் பச்சைக் கூர், ஒன்று, இன்னொன்று, ஒரு வரிசை முழுக்க. "ஷோனா!" என்று கத்தியதில் அவள் அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு வந்தாள், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று. முளையைக் காட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். பிறகு மண்டியிட்டுப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

ஜூலை 31

ஷோனா போனாள். தனியாக.

காரைக் கிளப்பிவிட்டு இறங்கி, டிக்கியைத் திறந்து, மண்வெட்டியை எடுத்துக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கார் திருப்பம் தாண்டிய பிறகு கொஞ்சம் அழுதேன். மண்வெட்டியைத் தொடவில்லை. டாக்டர் ஆகஸ்டில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

செப்டம்பர் 20

உருளைக்கிழங்கு நட்டாயிற்று. மண்வெட்டியோடு.

டிசம்பர் 22

மிக நீண்ட பகல். ஒன்பதரை தாண்டியும் வெளியில் வெளிச்சம்.

ஷோனா நேற்றே வந்துவிட்டாள். காலையில் மூன்று பேரும் பூண்டு பிடுங்கினோம். நான் முள் வைத்த மண்வெட்டியால் நெம்பினேன், ஷோனா இழுத்தாள், மர்டோ கூடைமேல் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தான். ஜனவரிக் கண்காட்சிக்கு என் பெயரில் கொடுத்தாயிற்று. விதை தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லப்போவதாக மிரட்டுகிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

மத்தியானம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து கொட்டகைக்குப் போனால் ஆணியில் சரம் தொங்கியது. பின்னல் கோணல்மாணல். ஆனால் பொறுக்கியதில் ஒரு தப்பு இல்லை, எல்லாம் முஷ்டி முஷ்டியாக.

ராத்திரி ஆட்டுத் தொடையும் புது உருளைக்கிழங்கும். கறியில் பூண்டு பத்தவில்லை என்று சொன்னேன். மர்டோவும் ஆமாம் போட்டான்.

"பெருசெல்லாம் விதைக்கு" என்றாள் ஷோனா. "இருக்கறதை வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க, ரெண்டு பேரும்."

சாப்பிட்டோம்.